பெயர் போன பிஸ்கட்

ஹைதராபாத்தின் மொஜம்ஜாஹி சந்தையில் ஒரு கடையாக இருந்தவரை ‘கராச்சி பேக்கரி’ என்ற பெயர் உள்ளூர் விஷயம். முழுமூச்சாக வளர்வது என்று குடும்பம் முடிவெடுத்த பிறகு, ஊருக்கு ஊர் அந்தப் பெயருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஹைதராபாத்திலிருந்து சென்னைக்கு ரயில் ஏறுகிறவர்களிடம் உறவினர்கள் தவறாமல் வைக்கும் கோரிக்கை ஒன்று உண்டு. முத்துமாலை வேண்டாம், லாட் பஜார் வளையல் வேண்டாம். வரும்போது கராச்சி பிஸ்கட் இரண்டு டப்பா வாங்கி வந்தால் போதும். சார்மினார் எக்ஸ்பிரஸின் இருக்கைகளுக்கு அடியில் சூட்கேஸ்களோடு அந்த அட்டைப்பெட்டிகளும் பயணம் செய்கின்றன. உள்ளே இளமஞ்சள் நிறத்தில் சதுர பிஸ்கட்டுகள். நடுநடுவே சிவப்பும் பச்சையுமாக டூட்டி ஃப்ரூட்டி. பப்பாளிக் காயைச் சீனிப்பாகில் ஊறவைத்துச் சாயம் ஏற்றிய அந்தத் துண்டுகளுக்குப் ‘பழம்’ என்ற மரியாதை கொஞ்சம் அதிகம்தான். ஆனால் ‘ஃப்ரூட் பிஸ்கட்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. பக்கத்து ஊர் பேக்கரிகள் அதையே ‘கராச்சி பிஸ்கட்’ என்று சொந்தமாகச் சுட்டு விற்கும் அளவுக்குப் புகழும் பரவிவிட்டது.

இந்தக் கடையைத் தொடங்கியவர் கான்சந்த் ராம்நானி. பிரிவினையில் சிந்து மாகாணத்தைவிட்டு வந்த லட்சக்கணக்கான சிந்தி இந்துக்களில் ஒருவர். பெரும்பாலோர் பம்பாய்க்கும், அதன் அருகே அகதிகளுக்காக உருவான உல்லாஸ்நகருக்கும் போனார்கள். ராம்நானி வந்து சேர்ந்தது தக்காணத்துக்கு. 1948 செப்டம்பரில்தான் ஹைதராபாத் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. அதற்கு ஐந்தாண்டு கழித்து, 1953இல், மொஜம்ஜாஹி சந்தையில் பேக்கரி திறந்தார். கடைசி நிஜாம் மீர் உஸ்மான் அலி கானின் இரண்டாவது மகன் பெயரில் 1930களில் கருங்கல்லால் எழுப்பப்பட்ட கட்டடம் அந்தச் சந்தை. பழக்கடை, அத்தர் கடை, ஐஸ்கிரீம் கடை என்று ஹைதராபாத்தின் எல்லா ருசியும் வந்து சேரும் முனை. கடைக்கு ராம்நானி வைத்த பெயர், அவர் திரும்பிப் போக முடியாத ஊரின் பெயர்.

இதில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை. ஊரை விட்டு வந்தவர்கள் கையில் கொண்டுவர முடிகிற சொத்து ஊர்ப்பெயர் ஒன்றுதான். ரங்கூனிலிருந்து நடந்தும் கப்பலேறியும் திரும்பிய தமிழர்களின் நினைவாகச் சென்னையில் ‘பர்மா பஜார்’ இருக்கிறது. அந்தப் பெயரில் யாரும் பர்மிய ராணுவத்தைக் கண்டதில்லை.

<b>கல்லாவும் கண்பார்வையும்</b>

பல பத்தாண்டுகள் கராச்சி பேக்கரி என்றால் அந்தச் சந்தைக் கடைதான். குடும்பத்துக்குக் கடை, கடைக்குக் குடும்பம். இத்தகைய தொழிலின் சூட்சுமம் நம் ஊர் மளிகைக்கடைக்காரருக்கும் தெரியும்: கல்லாவில் அப்பா, உள்ளே சரக்கு அறையில் மகன், இருவர் கண்ணும் படாத மூலை கடையில் கிடையாது. மாவு சரியாகப் பிசைந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பவரும், மாலையில் பணத்தை எண்ணுகிறவரும், கடன் கேட்கும் வாடிக்கையாளரின் முகத்தைப் படிக்கிறவரும் ஒரே வீட்டில் சாப்பிடுகிறவர்கள். அளவுக் கரண்டி தேவையில்லை, கை சொல்லும். கணக்குப் புத்தகம்கூட அவ்வளவு தேவையில்லை. வரவு செலவு தலைக்குள் இருக்கிறது.

வளர வேண்டும் என்று முடிவெடுத்த மறுநாள் இந்த வசதிகள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடுகின்றன. இரண்டாவது கடை திறப்பதுதான் குடும்பத் தொழிலின் மிகக் கடினமான காரியம். இரண்டிலிருந்து இருபதுக்குப் போவதுகூட அதைவிடச் சுலபம். காரணம் எளிது. இரண்டு கடைக்கும் அப்பா ஒருவர்தான். இரண்டாவது கல்லாவில் தம்பியையோ மருமகனையோ உட்காரவைக்கலாம். மூன்றாவதில்? சம்பளத்துக்கு வந்தவரை நம்பித்தான் ஆக வேண்டும். அவரை நம்புவதற்கு முன்னால் கையில் இருந்த கணக்கை எல்லாம் காகிதத்தில் இறக்கி வைக்க வேண்டும்: எத்தனை கிராம் மாவு, எத்தனை கிராம் வெண்ணெய், அடுப்பின் சூடு எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம். கைப்பக்குவம் என்று பெருமையாகச் சொன்னதெல்லாம் அட்டவணை ஆகிறது. பல குடும்பங்கள் இங்கேதான் பின்வாங்குகின்றன. தொழில் ரகசியம் வெளியே போய்விடும் என்பது சொல்லப்படும் காரணம். வீட்டுப் பெரியவரின் அதிகாரம் குறைந்துவிடும் என்பது சொல்லப்படாத காரணம்.

எதை வைத்து வளர்வது என்பதும் சாதாரணக் கேள்வி இல்லை. பேக்கரியில் விற்பதெல்லாம் பயணம் செய்யாது. ரொட்டி சில நாளில் பூசணம் பிடிக்கும். கிரீம் கேக் மதிய வெயிலைத் தாங்காது. ஈரம் குறைந்த பிஸ்கட் மட்டும், காற்று புகாமல் கட்டினால், வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். பெட்டியில் அடுக்கினால் விமானம் ஏறும், மாநிலம் தாண்டும். சந்தைக் கடையில் நூறு பண்டங்களில் ஒன்றாக இருந்த ஃப்ரூட் பிஸ்கட், கராச்சி பேக்கரி வெளியே கால் வைத்தபோது அதன் முகமாகவே மாறியது இப்படித்தான். 2000த்துக்குப் பிறகு, ஹைதராபாத் மேற்கே மென்பொருள் நிறுவனங்களோடு விரிந்தபோது, பேக்கரியும் பஞ்சாரா ஹில்ஸ் போன்ற பகுதிகளுக்குப் போயிற்று. பின்னர் பெங்களூர், மும்பை, சென்னை என்று வெளியூர்களுக்கும்.

சட்டமும் இந்தப் பாதையில் அங்கங்கே ஒரு வாசல் வைத்திருக்கிறது. பத்தாவது ஆளை வேலைக்கு வைத்தால் பெரும்பாலான மாநிலங்களில் இஎஸ்ஐ. இருபதாவது ஆள் வந்தால் வருங்கால வைப்பு நிதி. 2017 ஜூலையில் வந்த ஜிஎஸ்டியில், ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடி ரூபாய் வரை உள்ள சிறு உற்பத்தியாளர் விற்பனையில் 1 சதவீதத்தைக் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ள ஒரு சலுகைத் திட்டம் உண்டு. ஆனால் அதில் இருப்பவர் மாநில எல்லைக்கு அப்பால் ஒரு டப்பாகூட விற்கக் கூடாது. ஹைதராபாத் வியாபாரிக்கு இந்த நிபந்தனை மற்றவர்களைவிட அதிகமாக உறுத்தும். 2014 ஜூன் 2 வரை கர்னூலும் விஜயவாடாவும் அவருக்குச் சொந்த மாநிலம். தெலங்கானா பிறந்த பிறகு அவை வெளிமாநிலம். நாலைந்து மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊருக்குச் சரக்கு அனுப்ப, முழு வரிக்கணக்குக்கு மாறியாக வேண்டும். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று நிற்க இடமே இல்லை.

நம் பக்கத்து உதாரணம் ஒன்று. 1970இல் சென்னை ராயபுரத்தில் 13,000 ரூபாய் முதலில் ஐஸ்கிரீம் தயாரிக்கத் தொடங்கிய ஆர்.ஜி. சந்திரமோகன், அந்தப் பணத்தைக் குடும்பச் சொத்தை விற்றுத்தான் புரட்டினார். சென்னையில் பெரிய கம்பெனிகளோடு முட்டிக்கொண்டிராமல் சிறு நகரங்களைப் பிடித்தார். அந்த ‘அருண் ஐஸ்கிரீம்’தான் பின்னால் ஹட்சன் நிறுவனமாகப் பங்குச்சந்தை வரை போனது. தமிழில் ‘முதல்’ என்ற சொல்லுக்குத் தொடக்கம் என்றும் பொருள், மூலதனம் என்றும் பொருள். வீட்டை விற்றுத் தொழில் தொடங்கியவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான் என்று அகராதி தேடாமலே தெரியும்.

<b>அதே ஆண்டில் இன்னொரு கடை</b>

கராச்சி பேக்கரி பிறந்த அதே 1953இல் செகந்திராபாத்தில் இன்னொரு கடை பிறந்தது. பாரடைஸ் என்ற சினிமா தியேட்டரை ஒட்டிய சிற்றுண்டிக் கடை. படம் பார்க்க வருகிறவர்களுக்கு டீயும் சமோசாவும். ஹுசைன் ஹெமாட்டியும் அவரது கூட்டாளியும் நடத்திய அந்தக் கடைக்கு, 1978இல் ஹுசைனின் மகன் அலி ஹெமாட்டி பொறுப்பேற்றார். பிரியாணியைப் பிரதானமாக்கினார். இன்று தியேட்டர் இல்லை. ஆனால் அந்த நாற்சந்திக்கே பாரடைஸ் என்றுதான் பெயர், அங்கே உள்ள மெட்ரோ ரயில் நிலையத்துக்கும் அதே பெயர்.

ஹெமாட்டி குடும்பம் வளர்ச்சிக்குத் தேர்ந்தெடுத்த வழி வேறு. 2014இல் சமாரா கேபிடல் என்ற முதலீட்டு நிறுவனத்தின் பணத்தை உள்ளே விட்டது. நிர்வாகத்துக்கு வெளியிலிருந்து தொழில்முறை அதிகாரிகள் வந்தார்கள். பல நகரங்களில் கிளைகள் திறந்தன. 2017ஆம் ஆண்டில் மட்டும் 70 லட்சத்துக்கும் மேல் பிரியாணி விற்றதாக லிம்கா சாதனைப் புத்தகத்தில் இடம் கிடைத்தது. பழைய வாடிக்கையாளர்கள் ‘அந்தக் காலத்து ருசி இல்லை’ என்று உச்சுக்கொட்டுவதும் கூடவே வந்தது. ருசி உண்மையிலேயே குறைந்ததா, அல்லது எல்லா ஊரிலும் கிடைக்கிற எதையும் நாம் மட்டமாக நினைக்கிறோமா என்பது நாக்கால் மட்டும் தீர்க்க முடியாத வழக்கு.

வெளியார் பணம் வந்தால் குடும்பத்துக்கு நஷ்டம் என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது. கூட்டாண்மைத் தொழிலுக்கான 1932ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லாவிட்டால் கூட்டாளி ஒருவர் இறந்தாலே நிறுவனம் கலைந்துவிடும். அண்ணன் தம்பிகள் கையெழுத்துப் போடும்போது இந்த வரியை யாரும் படிப்பதில்லை. படிக்கும் நாள் வரும்போது வீட்டில் சாவு விழுந்திருக்கும். கம்பெனியாகப் பதிவு செய்து, பங்குகளை எழுதி, சம்பளம் வேறு லாபம் வேறு என்று பிரித்துவைத்த குடும்பங்கள் மூன்றாவது தலைமுறைச் சண்டையைக் கொஞ்சமாவது தாங்குகின்றன. முழுமூச்சாக இறங்குவது என்றால் காலை நாலு மணிக்கு எழுந்து கடை திறப்பது என்று நினைக்கிறோம். அதை இந்தக் குடும்பங்கள் எப்போதும் செய்துகொண்டுதான் இருந்தன. தம்பிக்கும் எழுத்தில் கணக்குக் காட்டச் சம்மதிப்பதுதான் அதைவிடப் பெரிய காரியம்.

<b>வளர மறுத்தவர்கள்</b>

வளரவே மாட்டேன் என்று இருப்பதிலும் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே உள்ள இருட்டுக்கடையை யாருக்குத் தெரியாது? வடக்கேயிருந்து வந்த ராஜபுத்திரக் குடும்பம் நடத்தும் கடை. மாலையில் திறக்கும், அல்வா தீர்ந்தால் மூடும். மங்கலான வெளிச்சமே விளம்பரம். வாங்க வேண்டுமென்றால் நாம்தான் திருநெல்வேலி போக வேண்டும்.

எல்லைக்கு அப்பாலும் ஓர் இருட்டுக்கடை இருக்கிறது. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் இன்னொரு ஹைதராபாத் உண்டல்லவா? அங்கே புகழ்பெற்ற கேக் கடையின் பெயர் ‘பம்பாய் பேக்கரி’. 1911இல் பஹ்லாஜ்ராய் கங்காராம் தடானி என்ற இந்து தொடங்கியது. பிரிவினைக்குப் பிறகும் குடும்பம் அங்கேயே தங்கியது. ஒரே கடை, பழைய பங்களா, வாசலில் வரிசை. காபி கேக்குக்காகக் கராச்சியிலிருந்தே ஆட்கள் வருகிறார்கள். அந்தப் பெயர் மாறவில்லை. தக்காண ஹைதராபாத்தில் கராச்சி பேக்கரி, சிந்து ஹைதராபாத்தில் பம்பாய் பேக்கரி: கதாசிரியர் எழுதியிருந்தால் ‘ரொம்பவும் செயற்கை’ என்று பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார்.

பம்பாய் பேக்கரியை அதன் ஊர்க்காரர்கள் தெரிந்து வைத்திருக்கிறார்கள். கடைக்காரரின் தாத்தா யார், என்ன கஷ்டப்பட்டார் என்று ஊருக்கே தெரியும். மொஜம்ஜாஹி சந்தையிலும் அப்படித்தான். ஆனால் பெங்களூர் இந்திராநகரில் நடந்துபோகிறவருக்கு ராம்நானி குடும்பத்தின் கதை தெரியாது. அவர் பார்ப்பது பலகையில் உள்ள ஒரு சொல்லை மட்டும்.

2019 பிப்ரவரி 14இல் புல்வாமாவில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர் 40 பேர் கொல்லப்பட்டார்கள். ஒரு வாரம் கழித்து இந்திராநகர் கிளை முன் கூட்டம் கூடியது, பெயரை மாற்றச் சொன்னது. ஊழியர்கள் பலகையில் ‘கராச்சி’ என்ற பகுதியை மட்டும் மூடினார்கள், தேசியக் கொடியைத் தொங்கவிட்டார்கள். போலீஸ் பின்னர் ஒன்பது பேரைக் கைது செய்தது. 2020 இறுதியில் மும்பையில் மகாராஷ்டிர நவநிர்மாண் சேனாவின் பிரமுகர் ஒருவர் பெயரை மாற்றக் கோரி நோட்டீஸ் அனுப்பினார். 2021 தொடக்கத்தில் பாந்த்ரா கிளை மூடப்பட்டது. தம் போராட்டத்துக்குக் கிடைத்த வெற்றி என்றார் அந்தப் பிரமுகர். குத்தகை முடிந்தது, வாடகை கட்டுப்படியாகவில்லை, கொரோனாவில் வியாபாரமும் படுத்துவிட்டது என்றது பேக்கரித் தரப்பு. வாடகையும் கொரோனாவும் எத்தனையோ கடைகளுக்கு ஷட்டர் போட்ட காலம் அது. அதற்கெல்லாம் யாரும் வெற்றி கொண்டாடவில்லை.

மூன்றாவது முறை சொந்த ஊரிலேயே நடந்தது. 2025 ஏப்ரல் 22இல் பஹல்காம் படுகொலை, மே 7இல் ஆபரேஷன் சிந்தூர். அந்த நாட்களில் விசாகப்பட்டினம் கிளை முன் ஆர்ப்பாட்டம் நடந்தது. ஹைதராபாத் ஷம்ஷாபாத் கிளையின் பலகையைச் சிலர் கம்பால் அடித்தார்கள். போலீஸ் வழக்குப் பதிவு செய்தது. கான்சந்தின் பேரன்கள் ராஜேஷும் ஹரீஷும் அறிக்கை விட்டார்கள். தங்களுடையது 1953இல் ஹைதராபாத்தில் பிறந்த இந்தியக் கடை, பிரிவினையில் வந்த தாத்தா வைத்த பெயர் அது என்று விளக்கினார்கள். பெயரை மாற்றும் நெருக்கடி வராமல் பார்த்துக்கொள்ளும்படி முதல்வர் ரேவந்த் ரெட்டியின் அரசைக் கேட்டுக்கொண்டார்கள். கடைகளில் மூவர்ணக்கொடி ஏற்றினார்கள். பாகிஸ்தானிலிருந்து துரத்தப்பட்ட குடும்பத்தின் மூன்றாவது தலைமுறை, தான் பாகிஸ்தானி அல்ல என்று நோட்டீஸ் ஒட்ட வேண்டியிருந்தது.

<b>பெயரின் விலை</b>

பெயரை மாற்றிவிட்டால் என்ன? வியாபாரம் தெரிந்தவர்கள்கூடக் கேட்கும் கேள்வி இது. ‘ராம்நானி பேக்கரி’ என்றால் பிஸ்கட் கசக்கவா போகிறது?

கணக்காக மட்டும் பார்த்தாலும் பதில் அவ்வளவு சுலபமில்லை. ஃப்ரூட் பிஸ்கட்டின் செய்முறைக்கு யாரும் ஏகபோக உரிமை கொண்டாட முடியாது. இன்று வீட்டு அடுப்பிலேயே கஸ்டர்ட் பவுடர் கலந்து சுடுகிறார்கள். அடுப்பை வாங்கலாம், ஆளை வைக்கலாம், கடையை வாடகைக்குப் பிடிக்கலாம். போட்டிக்காரர் பணம் கொடுத்து வாங்க முடியாதது, எழுபது ஆண்டு பெட்டி மேல் இருந்த அந்தச் சொல் ஒன்றுதான். ஆங்கிலத்தில் ‘பிராண்ட்’ என்ற சொல்லின் வேர், மாட்டின் தோலில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் போடும் சூடு. மொழிபெயர்க்கும்போது ‘வணிகப் பெயர்’ என்று நாகரிகமாக எழுதிவிடுகிறோம், அதில் அந்த எரிச்சல் காணாமல் போய்விடுகிறது.

ஹைதராபாத்தில் இந்த எரிச்சல் தெரியாமல் வளர்ந்தவர்களும் உண்டு. 1997இல் தொடங்கிய பிஸ்தா ஹவுஸ், ரம்ஜான் மாதத்து ஹலீமை நகரத்துக்கு வெளியேயும் கொண்டுபோனது. அதன் அதிபர் எம்.ஏ. மஜீத் தலைமையில் ஹலீம் தயாரிப்பாளர்கள் சங்கம் முயன்று, 2010இல் ஹைதராபாதி ஹலீமுக்குப் புவிசார் குறியீடு வாங்கியது. அவர்களுக்கு ஊர்ப்பெயர் அரசு முத்திரையோடு கிடைத்த கேடயம். அவர்கள் வியாபாரம் செய்யும் ஊரும் பெயரில் உள்ள ஊரும் ஒன்றாக இருந்தது அதிர்ஷ்டம். ராம்நானிகளின் பெயரில் உள்ள ஊர் எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

அந்தப் பெயரை விடாமல் பிடித்துக்கொண்டது பிடிவாதம் என்று தோன்றலாம். என் கணக்கில் அது சரியான முடிவு. ஒரு கூட்டம் கேட்டதற்காக ஒரு ஊரில் பெயரை மாற்றினால், அடுத்த ஊரில் அடுத்த கூட்டம் வேறு எதையாவது கேட்கும். பதினைந்து ஊரில் பதினைந்து பெயரோடு ஒரு கடை எப்படி வளரும்? வளர்ச்சிக்காக எதையெல்லாம் விட்டுக்கொடுப்பது என்பது ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே போடும் பட்டியல். ஹெமாட்டிகள் பெயரை வைத்துக்கொண்டு பங்கை விட்டுக்கொடுத்தார்கள். ராம்நானிகள் கைப்பக்குவத்தை இயந்திரத்துக்கும் கணக்குக்கும் விட்டுக்கொடுத்தார்கள். திருநெல்வேலிக்காரர்கள் வளர்ச்சியையே விட்டுக்கொடுத்தார்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட், கேக் மீதான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியது. அந்த ஆண்டு மே மாதத்துக்குப் பிறகு பேக்கரிக்காரர்களுக்குக் கிடைத்த முதல் நல்ல செய்தி. தீபாவளிக்கு ஒரு மாதம்கூட இல்லாத நேரம். பெட்டிகள் அச்சாகி வந்தாக வேண்டும். அவற்றின் மேல் எப்போதும்போல அந்த ஊரின் பெயர்.